பருந்து எடுக்கும்வரை

ஈரலை மாமியின் தலையைச் சுற்றி எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டேன், பருந்துதான் வரவில்லை. எவர்சில்வர் தட்டு வெயிலில் சூடாகி உள்ளங்கையைச் சுடுகிறது. கடையிலிருந்து வந்தபோது ஈரலுக்கு இருந்த பளபளப்பு போய், ஓரம் கறுத்து, தட்டோடு ஒட்டப் பார்க்கிறது. கீழே ஆட்டோ வந்து நிற்கிறது. மாமி துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார், கட்டுப்போட்ட வலது காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு. பிளாஸ்க், மாற்றுச் சேலை, சர்க்கரை மாத்திரை எல்லாம் போட்ட கூடை பக்கத்தில் இருக்கிறது. பருந்து எடுத்துவிட்டது என்று நான் போய்ச் சொன்னால் எழுந்து ஆட்டோவில் ஏறுவார். எடுக்கவில்லை என்றால் ஏற மாட்டார். "பருந்து எடுத்தாத்தான் நான் வாசப்படி தாண்டுவேன்" என்று காலையில் சொன்னார், கோபமாக அல்ல, இட்லிக்குச் சட்னி போதும் என்று சொல்வதுபோல. டாக்டர் நேற்றுச் சொன்னதை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நாளைக்கே வந்தால் இரண்டு விரலோடு போகும், தள்ளிப்போட்டால் முழங்கால்வரை எடுக்க வேண்டியிருக்கும், அதற்குமேல் விஷம் ஏறிவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. டாக்டர் அதைச் சொன்னபோது மாமி தன் காலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். இல்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்திருப்பார், நான் காலண்டருக்குக் கீழே நின்றிருந்தேன். என் வீட்டுக்காரர் மாடிப்படி பாதி ஏறி வந்து, அம்மாவுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தி, "என்ன புள்ள, வந்துச்சா?" என்கிறார். இல்லை என்று தலையாட்டுகிறேன். "காக்காய்க்குப் போட்டுட்டு, எடுத்துருச்சுன்னு சொல்லி இறங்கி வா. அம்மாவா மாடிக்கு ஏறி வந்து பாக்கப் போகுது? இதெல்லாம் மார்க்கத்துலயே கிடையாது. வெளிய தெரிஞ்சா என்னையத்தான் சிரிப்பாங்க." பொய் சொல்லவா என்று கேட்டேன். "நல்லதுக்குத்தானே. ஆபரேசன் நடக்கணுமா வேணாமா?" நடக்கணும் என்றேன். சொல்லிவிட்டேன். ஆனால் அந்த ஒரு சொல் வாயிலிருந்து வெளியே வர ஒரு மூச்சு தாமதமாகிவிட்டது. அவர் கவனித்தாரா தெரியவில்லை, இறங்கிப் போய்விட்டார், ஆட்டோக்காரரோடு சிரித்துப் பேசுகிற சத்தம் வருகிறது. ஒரு மூச்சு. தொண்டை காய்ந்திருந்தது, அதனால்தான். வெயில்.

மேலே அவை இருக்கின்றன. கறிக்கடைத் தெருவுக்கு மேலே வட்டமாக, ஒன்றின் மேல் ஒன்றாக, யாரோ சுற்றிவிட்டு மறந்துபோனது மாதிரி. காலையில் இவை சீக்கிரம் எழுந்திருக்காது. தரை சூடாகும்வரை செல்போன் கோபுரத்தின் கம்பிகளில் இறகைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும். பிறகு ஒவ்வொன்றாகக் காற்றில் சாயும், சாய்ந்தபின் இறக்கை அடிப்பதே இல்லை, வாலை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பும், மாவு சலிக்கும்போது மணிக்கட்டைத் திருப்புவதுபோல. நடுங்கி நடுங்கி இழுக்கும் ஒரு சீழ்க்கை. கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சத்தத்தைக் கேட்டு யாரோ குழந்தை அழுகிறது என்று வாசலுக்கு ஓடினேன், மாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்போது மாமாவுக்குக் கறிக்கடை இருந்தது. கடைக்குப் பின்னால் சவ்வும் கொழுப்பும் ஒரு சட்டியில் சேரும், நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் மாமி அதை எடுத்துக்கொண்டு வெட்டவெளிக்குப் போவார், ஒரு குரல்கூடக் கொடுக்க மாட்டார், சட்டியின் விளிம்பில் விரலால் தட்டுவார், அவ்வளவுதான், வானம் இறங்கி வரும். சிறகில் ஒரு இறகு இல்லாத பெரிய பருந்து ஒன்றுக்குத் தாசில்தார் என்று பெயர் வைத்திருந்தார், எல்லாருக்கும் முன்னால் வந்து முதல் பங்கை எடுத்துக்கொண்டு போய்விடும் என்பதால். "தாசில்தார் வந்துட்டாரு, தள்ளுங்கப்பா" என்று காக்கைகளை அதட்டுவார். பருந்து தரையில் உட்காராது. காலால் பறித்துக்கொண்டு, பறந்துகொண்டே காலை அலகுக்குக் கொண்டுபோய்த் தின்னும். சாப்பிடக்கூட உட்காராத ஜென்மம் என்று நான் சொன்னேன், "நம்மள மாதிரித்தான்" என்றார் மாமி. ஒருநாள் சட்டியை என் கையில் கொடுத்தார். நான் பயந்து, சவ்வை வீசுவதுபோல் கையை உயர்த்திக் கடைசி நொடியில் இழுத்துக்கொண்டேன், விரல்கள் திறக்கவே இல்லை. பருந்து பாதி வந்து திரும்பிப் போயிற்று. மறுபடியும் அப்படியே. மாமி அன்றைக்கும் சிரித்தார். "ஏன்டி, நீ குடுக்குறியா, காட்டுறியா?" பக்கத்து மாடியில் தெய்வானை வெள்ளைக் கழுத்துச் செம்பருந்தைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வாள், அது சாமிப் பறவை. இந்தக் கறுப்பை யாரும் கும்பிடுவதில்லை. குப்பைமேட்டில், சாக்கடை ஓரத்தில், செத்த எலிக்கும் கோழிக் குடலுக்கும் அலைகிற பறவை. அது கொல்வதில்லை, கோழிக்குஞ்சைத் தூக்கும் என்பார்கள், இருக்கலாம், நான் பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் அது காத்திருப்பதைத்தான். யாரோ வெட்டி, யாரோ கழுவி, யாரோ வேண்டாம் என்று ஒதுக்குகிறவரைக்கும் மேலே சுற்றிக்கொண்டிருக்கும். அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. அது யாரையும் ஒன்றும் செய்யவில்லை. நானும் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. அளந்தேன். அளந்தது ஒரு குற்றமா.

டேப் இன்னும் என் கழுத்தில்தான் தொங்குகிறது, மஞ்சள் நிறம், ஒரு முனையில் தகரம் தேய்ந்தது. தையல்காரிக்குக் கழுத்தில் டேப் இருப்பது தாலிச்சரடு மாதிரி, இருப்பதே தெரியாது. இன்று காலை சுபுஹு தொழுதுவிட்டு மாமியின் அறைக்குக் கூடையை எடுக்கப் போனேன். வீட்டில் ஜன்னல் உள்ள அறை அது ஒன்றுதான். நான் முன்னறையில் டியூப்லைட்டுக்கு அடியில் தைக்கிறேன், கறுப்புத் துணியில் கறுப்பு நூல் கோக்கக் கண் எரிகிறது. மகள் ஷிபானாவுக்கு அடுத்த மாதம் பிளஸ் டூ பரீட்சை, மாடிப்படியில் உட்கார்ந்து படிக்கிறாள், கொசு கடிக்கிறது என்று காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டு. மாமி கண்ணை மூடிப் படுத்திருந்தார். ஜன்னலில் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது, தரையில் ஒரு பாய் விரித்ததுபோல. மெஷினை அங்கே போட்டால் இடக்கைப் பக்கம் வெளிச்சம் விழும், கட்டிலை எடுத்தால் ஷிபானாவுக்கு மேஜை போடலாம், ஜன்னலுக்கு ஒரு திரை தைக்கலாம், கட்டிலை எடுத்தால், என்று நினைத்துக்கொண்டே டேப்பைக் கழுத்திலிருந்து உருவி ஜன்னலின் மேல் கட்டையில் வைத்து இழுத்துவிட்டேன். கை தானாகச் செய்தது. தையல்காரியின் கை எதைப் பார்த்தாலும் அளக்கும், கதவை, தலையணையை, பிள்ளையின் தோளை. இல்லை, இது பொய். கை தானாகச் செய்யவில்லை. அகலம் எடுத்தேன், பிறகு உயரமும் எடுத்தேன். தானாகச் செய்கிற கை உயரம் எடுக்காது. "என்னம்மா அளக்குற?" என்றார் மாமி, கண்ணைத் திறக்காமல். அல்லது திறந்திருந்தாரோ, நான் திரும்புவதற்குள் மூடிக்கொண்டாரோ. "கொசுவலைக்கு மாமி" என்றேன். உடனே வந்தது அந்தப் பதில், ஒரு மூச்சுகூடத் தாமதமாகவில்லை. நடக்கணும் என்று சொல்லத்தான் தாமதம். மாமி "ம்" என்றார். கொஞ்சநேரம் கழித்து, டீயைக் கையில் வாங்கிக்கொண்டபோது, "ஈரல் வாங்கியாரச் சொல்லு. தலையைச் சுத்திப் பருந்துக்குப் போட்டாத்தான் போவேன்" என்றார். மாமா மௌத்தாகி அடக்கம் முடிந்தபின் இந்த வீட்டில் யாரும் எதையும் சுற்றிப் போட்டதில்லை. அதற்கு முன்னால் உண்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், யாராவது பயணம் கிளம்பினால், ஈரலையோ சவ்வையோ தலையைச் சுற்றிப் பருந்துக்குப் போடுவது, உள்ளே இருக்கிற கெட்டதை அது தூக்கிக்கொண்டு போய்விடும் என்பார் மாமி. இவ்வளவு நாள் இல்லாமல் இன்றைக்கு ஏன். பயமாக இருக்கும், யாருக்குத்தான் கத்தி என்றால் பயமிருக்காது. அல்லது பயமே இல்லாமல், என்னை மாடிக்கு அனுப்பிப் பார்க்கிறாரா. வீட்டுக்காரர் சுற்றட்டுமே என்றேன். "அவன் சுத்துவானா, மார்க்கத்துல இல்லன்னு எனக்குப் பயான் பண்ணுவான். நீ சுத்து. சுத்தும்போது மனசுல வேற எதையும் நினைக்காத." குனிந்து சுற்றினேன். முதல் சுற்றில் ஒன்றுமில்லை, மாமியின் நரைமுடி, தேங்காயெண்ணெய் வாசம், காலிலிருந்து வரும் அந்த இன்னொரு வாசம். இரண்டாவது சுற்றில் டேப் என் கழுத்திலிருந்து முன்னால் சரிந்து அதன் தகர முனை மாமியின் நெற்றியில் பட்டது. சில்லென்று இருந்திருக்கும். மாமி கையை உயர்த்தி, முகத்தில் விழுந்த முடியை ஒதுக்குவதுபோல் டேப்பை மெதுவாக ஒதுக்கினார். மூன்றாவது சுற்றை நான் எப்படிச் சுற்றினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. மனதில் வேறு எதுவும் இருந்ததா என்று கேட்டால் ஒன்றுதான் இருந்தது, ஜன்னல், அதன் அகலமும் உயரமும், எண்களாக.

தெருவில் எல்லாரும் சொல்வார்கள், மருமகள்னா பல்கீஸ் மாதிரி இருக்கணும். மாமியின் காலை நான்தான் கழுவுகிறேன், மருந்து வைக்கிறேன், கட்டுகிறேன், முகத்தைச் சுளித்ததில்லை. அது பொய்யில்லை. அதைக் கழுவுகிற கையும் ஜன்னலை அளந்த கையும் ஒன்றுதான், இரண்டில் எது பொய் என்று நான் எங்கே போய்க் கேட்பது. ஒரு ஈ ஈரலில் உட்காருகிறது. விரட்டுகிறேன். சுவர் விளிம்பில் இரண்டு காக்கைகள் பக்கவாட்டில் நடந்து நடந்து நெருங்குகின்றன, அவற்றையும் விரட்டுகிறேன். பருந்து இப்போது வராவிட்டால் நான் கீழே போய் வரவில்லை என்று சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்வேன். மாமி துப்பட்டியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். கால் கறுக்கும். யாரும் என்னை ஒரு சொல் சொல்ல மாட்டார்கள், கிழவி பிடிவாதம் என்பார்கள், பல்கீஸ் பாவம், என்ன செய்வாள் என்பார்கள். வந்து எடுத்துவிட்டால் ஆஸ்பத்திரி, கத்தி, மயக்க மருந்து, இந்தச் சர்க்கரைக்கு எழுந்திருப்பாரோ மாட்டாரோ. நான் எந்தப் பதிலைக் கீழே கொண்டுபோனாலும் ஜன்னல் என் பக்கம்தான் வந்து நிற்கிறது. யா அல்லா, நான் இதைக் கணக்குப் போடவில்லை, இது தானாக வந்து நிற்கிறது. தானாக, தானாக. இன்றைக்கு எனக்கு எல்லாமே தானாக நடக்கிறது. பக்கத்து மாடியில் தெய்வானை மிளகாயைப் பரப்பிவிட்டு இடுப்பில் கைவைத்து என்னைப் பார்க்கிறாள். "என்னக்கா, தட்டோட நிக்கிறீங்க, யாருக்கு விருந்து?" பருந்துக்கு என்றேன். "இன்னைக்கு அதுக்கு லீவா?" சிரிக்கிறாள். பிறகு கண்ணுக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு மேலே பார்த்து, என்னைப் பார்த்து, "அக்கா, அங்கன நின்னா எப்படி வரும்? தலைக்கு மேல பாருங்க" என்றாள். பார்த்தேன். கேபிள் வயர் மூன்று, கரண்ட் வயர் இரண்டு, எங்கள் கொடிக்கயிறு, அவளுடைய கொடிக்கயிறு, ஷிபானாவின் பச்சைத் தாவணி. படியேறி வந்ததும் கிடைத்த நிழலில், வலைக்குள் நிற்பதுபோல், நான் நிற்கிறேன். கம்பி குறுக்கே ஓடுகிற இடத்தில் பருந்து இறங்காது. சிறகு விரித்தால் அதற்கு ஒரு ஆள் அகலம் வேண்டும், விழவும் வேண்டும், விழுந்த வேகத்திலேயே எழவும் வேண்டும். இது எனக்குத் தெரியாதா. மாமியோடு அத்தனை நாள் வெட்டவெளிக்குச் சட்டி தூக்கிப் போனவள் நான். போன வருஷம் அந்தப் பக்கம் தண்ணீர்த்தொட்டியின் மேல் காயப்போட்ட லைனிங் துணியை ஒரு பருந்து அள்ளிக்கொண்டு போனதும், கோபுரத்தில் அதன் கூட்டிலிருந்து அந்த வெள்ளைத் துண்டு ஆடிக்கொண்டிருந்ததும், "யாரு வீட்டுத் துணியிலயோ அது வீடு கட்டுது பாரு" என்று மாமி ஜன்னல் வழியாகக் காட்டியதும் மறந்தா போய்விட்டது. தொட்டிப் பக்கம் ஒரு கம்பி கிடையாது. இவ்வளவு நேரமும் நான் இங்கே நின்றேன். நிழல் என்பதால் நின்றேன். வெயில் சுடுகிறது என்று நினைத்துக்கொண்டே நிழலில் நின்றிருக்கிறேன். இல்லை, தட்டில் வெயில் விழுந்தது, தலைக்குத்தான் தாவணியின் நிழல். நீ குடுக்குறியா, காட்டுறியா.

தெய்வானைக்கு என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "என்னக்கா, என்ன ஆச்சு, மாமிக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். நான் தொட்டிப் பக்கம் நடந்தேன். மாடித் தரை பாதத்தைச் சுட்டது, செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். தொட்டியின் திண்டில் ஏறினேன். இங்கிருந்து எல்லாம் தெரிகிறது, பள்ளிவாசல் மினாரா, மலைக்கோட்டையின் மொட்டைப் பாறை, கீழே ஆட்டோவின் மஞ்சள் கூரை, அதில் சாய்ந்து நிற்கும் வீட்டுக்காரருடைய வழுக்கை. மேலிருந்து பார்க்கிற அதற்கு நான் எப்படித் தெரிவேன். ஒரு தட்டு, ஒரு கை, கழுத்தில் ஒரு மஞ்சள் கோடு. ஈரலை எடுத்தேன், தட்டோடு ஒட்டியிருந்தது, பிய்த்து எடுத்தேன், வழுவழுவென்று சூடாக, உயிருள்ளது மாதிரி. தட்டின் விளிம்பில் விரலால் தட்டினேன். வட்டத்திலிருந்து ஒன்று கழன்றது. கழன்று, சாய்ந்து, தொட்டிக்கு மேலே ஒருமுறை நிழல்போட்டுப் போயிற்று. பயம் விரல்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, பழைய பயம், விரல் மூடிக்கொள்ளும் பயம். இப்போது இழுத்துக்கொண்டால் அது பாதியில் திரும்பிப் போகும், நான் முயற்சி செய்தேன் மாமி என்று சொல்லலாம், அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். எத்தனை உண்மைகள் எனக்குக் கைகொடுக்கத் தயாராக நிற்கின்றன. மறுபடியும் திரும்பி வருகிறது, இந்தமுறை நேராக, சிறகுகளைப் பின்னால் ஒடுக்கி, கால்களை முன்னால் நீட்டி, அதன் கண்ணைப் பார்த்தேன், பழுப்பு, அதில் என்னைப் பற்றி ஒன்றுமே இல்லை, நான் நல்லவளா கெட்டவளா என்ற கேள்வியே இல்லை, ஈரல் மட்டும் இருந்தது. கையை உயர்த்தினேன். மாமி எழுந்திருக்கட்டும். அந்த அறைக்கே திரும்பி வரட்டும். கட்டில் அங்கேயே கிடக்கட்டும். சொன்னேனா, நினைத்தேனா. மூச்சு தாமதமாகவில்லை. விரலைத் திறந்தேன். தூக்கிப் போடக்கூட இல்லை, திறந்தேன், அவ்வளவுதான், காற்று முகத்தில் அறைந்தது, ஏதோ சுரீர் என்றது, கை காலியாக இருந்தது. தெய்வானை "எடுத்துருச்சு! எடுத்துருச்சுக்கா!" என்று கத்துகிறாள். அது ஏறிப்போகிறது, இரண்டு காக்கைகள் வாலைத் துரத்துகின்றன, காலை அலகுக்குக் கொண்டுபோகிறதா என்று பார்க்கக் கண்ணைச் சுருக்கினேன், அது சூரியனுக்கு நேராகப் போய்விட்டது, ஒன்றும் தெரியவில்லை. சுட்டுவிரலில் நகம் கீறிய இடத்தில் ரத்தம் வருகிறது. பெரிய காயமில்லை. அழுகை ஏன் வருகிறது என்று தெரியவில்லை.

மாமி நான் விட்டுவந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"எடுத்துச்சா?"

"எடுத்துச்சு மாமி."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். பிடித்து இழுத்து, துப்பட்டியின் நுனியால் விரலை அழுத்தித் துடைத்தார். வெள்ளைத் துணியில் ரத்தம் பொட்டாக நின்றது.

"இன்னைக்குத்தான்டி குடுத்திருக்க" என்றார்.

வாசலில் வீட்டுக்காரர் ஹாரன் அடிக்கச் சொல்லியிருப்பார் போல, ஆட்டோ இரண்டு முறை கத்தியது. மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முன்னறையைத் தாண்டி, என் மெஷினைத் தாண்டி, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வாசலுக்கு வந்ததும் நின்றார். மூச்சு வாங்கினார்.

"ஜன்னல் எம்புட்டு வந்துச்சு?"

கொசுவலை என்ற சொல் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. அதை விழுங்கினேன்.

"அகலம் நாலடி மாமி. உயரம் மூணரை."

"எதுக்கு அளந்த?"

"திரைக்கு. மெஷினை அங்கன போட்டா நல்லாருக்கும்னு நினைச்சேன் மாமி."

மாமி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் கண்ணில் விழுந்து இமைகளைச் சுருக்கினார்.

"கெட்டித் துணியாப் போடு. விடிஞ்சதும் நேரா மூஞ்சியில அடிக்குது. நான் வந்து படுக்கணும்ல."

சரி மாமி என்றேன். அவர் என் தோளில் கையை இன்னும் அழுத்தி ஊன்றினார். உள்ளங்கைக்கும் தோளுக்கும் நடுவில் டேப் நசுங்கியது, அதன் தகர முனை என் காறையெலும்பில் குத்தியது. அவருடைய முழுக் கனத்தையும் வாங்கிக்கொண்டு, அதை நகர்த்தாமல், வாசப்படியைத் தாண்டினேன்.